அப்பாவோட செகண்ட் அப்பீல் ஹியரிங்க நேர்ல போய் பார்க்கலாமா? வக்கீல் வேண்டாங்குறாரு

கேள்வி: மேடம் வணக்கம். நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில டெய்லர், சொந்த ஊர் சிவகங்கை மாவட்டம். எங்க அப்பாவுக்கும் பெரியப்பா பையனுக்கும் 42 சென்ட் நிலம், கிணத்துல பாதி பாத்தியம் சம்பந்தமா 2006-லேருந்து கேஸ் நடக்குது. முன்சீப் கோர்ட்ல ஜெயிச்சோம், சப் கோர்ட்ல தோத்துட்டோம், 2017-ல மதுரை ஐகோர்ட்ல செகண்ட் அப்பீல் போட்டோம், இப்பதான் ஃபைனல் ஹியரிங் லிஸ்ட்ல வருது. அப்பாவுக்கு 78 வயசு. "என் கேஸை ஜட்ஜ் விசாரிக்கிறத ஒரு தடவையாச்சும் கண்ணால பார்க்கணும்டா"ன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. வக்கீல் சார் "நீங்க வந்து என்ன பண்ணப்போறீங்க, வரவேண்டாம்"ங்குறாரு. ஐகோர்ட்டுக்குள்ள எங்கள விடுவாங்களா? யூட்யூப்ல பார்க்க முடியுமா, இல்லன்னா அக்கா பையன் போன்ல வீடியோ எடுத்துட்டு வரலாமா? போன வாய்தாவுல ஜட்ஜ் "நிலம் அவங்களுதுதான"ன்னு சொல்லிட்டாருன்னு எதிர்த்தரப்பு ஊர் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டாங்க, அதுலேருந்து அப்பா சரியா சாப்பிடுறதே இல்ல. எங்க வீட்ல யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. என்ன பண்றது மேடம்?

பதில்: தம்பி, முதல்ல அப்பாகிட்ட போய் சொல்லுங்க, போகலாம்னு. யாரும் தடுக்க முடியாது, யார்கிட்டயும் கெஞ்ச வேண்டியதும் இல்ல. சிவில் கோர்ட் நடக்குற இடம் திறந்த கோர்ட், இடம் கொள்ளுற அளவுக்கு பொதுமக்கள் உள்ள வரலாம்னு சிவில் நடைமுறைச் சட்டம் 153-பி பிரிவுல எழுதியே வச்சிருக்கு. கேஸ்ல சம்பந்தமே இல்லாத ஒரு ஆளு, மேலூர் போற பஸ்ல ஒத்தக்கடையில இறங்கி சும்மா என்ன நடக்குதுன்னு பார்க்கணும்னு வந்தாக்கூட அந்த ஹால்ல உட்காரலாம்னா, இருபது வருஷமா கேஸ் நடத்துற அப்பீல்தாரர் உட்காரக்கூடாதா? ஒரு குறிப்பிட்ட கேஸ்ல வெளியாளுங்க இருக்க வேண்டாம்னு ஜட்ஜ் உத்தரவு போட அதே பிரிவுல அதிகாரம் இருக்கு, ஆனா அதுக்கு ஒரு காரணம் வேணும், உங்களோடது மாதிரி நிலத்தகராறுல அப்படி உத்தரவு போட்டு நான் பார்த்ததே இல்ல.

உங்க வக்கீல் சொன்னதையும் தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க பெரும்பாலும் அக்கறையிலதான் அப்படி சொல்லுவோம். கேஸ் காலையில லிஸ்ட்ல இருக்கும், ஐட்டம் நம்பர் 60-ன்னு இருக்கும், சாயங்காலம் வரைக்கும் கூப்பிடாம போயிடும், வயசானவரு அவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோட திரும்புவாரு. அது எனக்கும் தெரியும். ஆனாலும் வரவேண்டாம்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன், ஏன்னா வராததால என்ன ஆகுதுன்னு இத்தனை வருஷத்துல நிறைய பார்த்துட்டேன், வந்ததால என்ன ஆச்சுங்குறதயும் ஒரு தடவை பார்த்தேன்.

நான் ஜூனியரா இருந்தப்போ நடந்தது இது. ஒரு அம்மா, எழுபது வயசு இருக்கும், பின்னாடி வரிசையில மஞ்சப்பையோட உட்கார்ந்திருந்தாங்க. மதியத்துக்கு மேல அவங்க அப்பீல கூப்பிட்டாங்க, அவங்க வக்கீல் வேற ஹால்ல வாதம் பண்ணிட்டிருந்தாரு, ரெண்டாவது தடவை கூப்பிட்டும் ஆள் இல்ல. அதுக்கு முன்னாடியே ஒரு தடவை இப்படி ஆகி தேதி தள்ளிப்போயிருக்கு போல, ஜட்ஜ் டிஸ்மிஸ்னு சொல்ல வாயெடுக்குறாரு, இந்தம்மா எந்திரிச்சு நின்னு கையெடுத்து கும்பிட்டு "ஐயா நான் வந்திருக்கேங்க"ன்னு சொன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தாரு, தமிழ்லயே "உங்க வக்கீல் எங்கம்மா"ன்னு கேட்டாரு, அப்புறம் அந்த கேஸை கடைசியில எடுத்துக்கலாம்னு தள்ளி வச்சாரு. வக்கீல் ஓடி வந்தாரு, கேஸ் நடந்துச்சு. அந்தம்மா அன்னைக்கு வரலன்னா அந்த அப்பீல் அங்கயே முடிஞ்சிருக்கும்.

இதுக்குப் பின்னாடி இருக்குற சட்டத்தையும் தெரிஞ்சு வச்சுக்கங்க, ஏன்னா இந்தக் கேஸ்ல அப்பீல் போட்டது உங்க அப்பா. கேஸ கூப்பிடும்போது அப்பீல்தாரரும் இல்ல அவர் வக்கீலும் இல்லன்னா, ஆஜராகலங்குற காரணத்துக்காக சிவில் நடைமுறைச் சட்டத்தோட ஆர்டர் 41 ரூல் 17-ல அப்பீல தள்ளுபடி பண்ணலாம். அதாவது டீஃபால்ட்ல தள்ளலாம், ஆள் இல்லாதப்போ கேஸோட நியாயத்துக்குள்ள போய் தோத்துட்டீங்கன்னு தீர்ப்பு எழுத முடியாது. அப்படி டீஃபால்ட்ல போயிட்டா 30 நாளைக்குள்ள ரூல் 19-ல பெட்டிஷன் போட்டு, வராததுக்கு சரியான காரணம் சொல்லி திரும்ப எடுக்க வைக்கலாம். ஆனா தள்ளுபடி ஆனதே தெரியாம ரெண்டு வருஷம் கழிச்சு வந்து நிக்கிற குடும்பங்க எத்தனையோ இருக்கு தம்பி, வக்கீலும் சொல்லல இவங்களும் பார்க்கல. அதனால கேஸ் நம்பர கையில எழுதி வச்சுக்கங்க, எஸ்.ஏ. எம்.டி.ன்னு ஆரம்பிக்கும், எஸ்.ஏ.ன்னா செகண்ட் அப்பீல், எம்.டி.ன்னா மதுரை. ஐகோர்ட் வெப்சைட்ல காஸ் லிஸ்ட், அதாவது அன்னைக்கு விசாரிக்கப்போற கேஸ்களோட பட்டியல், முந்தின நாளே வந்துரும், கேஸ் ஸ்டேட்டஸும் பார்க்கலாம், ஆர்டர் அப்லோட் பண்ணா காசில்லாம டவுன்லோட் பண்ணிக்கலாம், இது எல்லாத்துக்கும் யாரோட தயவும் தேவையில்ல. அக்கா பையன் வீடியோ எடுக்குறதுக்கு பதிலா தினமும் சாயங்காலம் இத பார்க்கட்டும், அதுதான் அவன் தாத்தாவுக்குச் செய்யுற பெரிய உதவி.

உள்ள போறது எப்படின்னா, கேட்ல சி.ஐ.எஸ்.எஃப். செக்யூரிட்டி இருக்கும், அடையாள அட்டை காட்டி பாஸ் வாங்கணும், ஆதார் எடுத்துக்கங்க, கேஸ் நம்பரும் எந்த கோர்ட் ஹால்ங்குறதும் ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கங்க, முடிஞ்சா வக்கீலோட ஜூனியர்கிட்ட முந்தின நாளே சொல்லிருங்க. பத்தரை மணிக்கு கோர்ட் ஆரம்பிக்கும், பத்து மணிக்கே உள்ள போயிருங்க. அப்பா வேட்டி சட்டையிலயே வரட்டும். செங்கோல் பிடிச்சுக்கிட்டு டவாலி முன்னால வர பின்னால ஜட்ஜ் வருவாரு, எல்லாரும் எந்திரிக்கும்போது எந்திரிச்சு, உட்காரும்போது உட்காரணும், வேற சடங்கு ஒன்னும் இல்ல. முன்னாடி டேபிள் போட்ட இடம் வக்கீல்களுக்கு, பின்னாடி இருக்குற சேர்ல இடம் பார்த்து உட்காருங்க. பிபி மாத்திரை, சுகர் மாத்திரை இருந்தா எடுத்து வச்சுக்கங்க, நடுவுல வெளிய போய் தண்ணி குடிச்சிட்டு வந்தாலும் யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க, டிஸ்ப்ளே போர்டுல என்ன ஐட்டம் ஓடுதுன்னு மட்டும் ஒரு கண்ணு வச்சுக்கங்க.

போனை ஆஃப் பண்ணிருங்க, சைலன்ட்ல போடுறது கூட வேண்டாம். வீடியோ ஆடியோ ரெண்டுமே எடுக்கக்கூடாது, இத ரொம்ப கண்டிப்பா சொல்றேன். கோர்ட்டுக்குள்ள எல்லாரும் வரலாங்குறது வேற, கோர்ட்ட எல்லாரும் படம் பிடிக்கலாங்குறது வேற. பிடிபட்டா போனை வாங்கி வச்சுப்பாங்க, கோர்ட் அவமதிப்பு வரைக்கும் போகலாம், அக்கா பையன் சின்ன பையன், வேலைக்குப் போற வயசு, இந்த ஆசை அவனுக்கு வேண்டாம். வீடியோ கான்ஃபரன்ஸ்ல பார்த்தாலும் இதே ரூல்தான், ஸ்க்ரீன் ரெக்கார்டு பண்றதும் தப்பு.

யூட்யூப் பத்தி கேட்டிருந்தீங்க. 2018 செப்டம்பர் 26-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஸ்வப்னில் திரிபாதி கேஸ்ல, கோர்ட் விசாரணைய நேரலையில காட்டலாம், திறந்த கோர்ட்டுங்குற கொள்கையில அதுவும் அடங்கும்னு தீர்ப்பு சொல்லுச்சு. அந்த கேஸ் போட்டவங்கள்ல ஒருத்தர் சட்டக் கல்லூரி மாணவர், இன்னொருத்தர் மூத்த வக்கீல் இந்திரா ஜெய்சிங். தீர்ப்பு வந்தும் உடனே நடக்கல, கொரோனா வந்து கோர்ட்ட எல்லாம் மூடுனதுக்கப்புறம்தான் வேகம் பிடிச்சுது. குஜராத் ஐகோர்ட் 2020 அக்டோபர்ல முதல் ஆளா யூட்யூப்ல ஆரம்பிச்சாங்க, சுப்ரீம் கோர்ட்ல அரசியல் சாசன பெஞ்ச் விசாரணை 2022 செப்டம்பர் 27-லேருந்து நேரலையில வருது. நான் அத பார்த்துட்டு நிறைய சந்தோஷப்பட்டேன், இருபத்தஞ்சு வருஷம் கோர்ட்ல நின்ன எனக்கே டெல்லியில ஒரு சீனியர் எப்படி வாதத்த கட்டுறாருன்னு அப்பதான் முழுசா பார்க்கக் கிடைச்சுது, ஒரு கிராமத்து சட்டக் கல்லூரி பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு நினைச்சுப் பாருங்க. ஆனா உங்க அப்பாவோட நிலத்தகராறு யூட்யூப்ல வரும்னு நம்பி வீட்ல உட்கார்ந்திருக்காதீங்க. உங்களுக்கு உதவுறது ஹைப்ரிட் ஹியரிங், அதாவது வீடியோ கான்ஃபரன்ஸ் லிங்க். எந்த ஐகோர்ட்டும் வீடியோ கான்ஃபரன்ஸ மறுக்கக்கூடாதுன்னு 2023 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் உத்தரவே போட்டிருக்கு. அப்பாவுக்கு உடம்பு முடியாத நாள்ல லிங்க் கிடைக்குமான்னு வக்கீல்கிட்ட கேளுங்க, முடியுற நாள்ல நேர்லயே போங்க, அவர் கேட்டது கண்ணால பார்க்கணும்னுதான.

இப்ப அந்த வாட்ஸ்அப் விஷயத்துக்கு வரேன், உங்க கேள்வியில என் மனச ரொம்ப தொட்டது இதுதான், ஏன்னா ஒரு வயசான மனுஷன் சாப்பிடாம கிடக்குறாரு. அப்பாகிட்ட இத நிதானமா விளக்கணும். அப்பீல்ல ஜட்ஜ் கேள்வி கேட்டுக்கிட்டேதான் இருப்பாரு. உங்க வக்கீல் ஒன்னு சொன்னா, "அப்ப நிலம் அவங்களுதுதானங்க, பத்திரத்துல அப்படித்தான இருக்கு"ன்னு எதிர்க்கேள்வி போடுவாரு, அடுத்த நிமிஷம் எதிர்த்தரப்பு வக்கீல்கிட்ட திரும்பி அதே மாதிரி உலுக்குவாரு. வாதம் தாங்குதா தாங்கலையான்னு தட்டிப் பார்க்குறது அது, கடையில பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போம்ல அந்த மாதிரி. கையெழுத்துப் போட்ட ஆர்டர்ல வராத வரைக்கும் ஜட்ஜ் வாயில வந்த எதுவும் உங்க கேஸோட முடிவு ஆகாது.

இத நான் சும்மா ஆறுதலுக்குச் சொல்லல, நம்ம சென்னை ஐகோர்ட்ல ஆரம்பிச்ச ஒரு விஷயத்துலயே சுப்ரீம் கோர்ட் இத தெளிவா சொல்லியிருக்கு. 2021 தேர்தல் சமயம், கொரோனா ரெண்டாவது அலை. கரூர் தொகுதி ஓட்டு எண்ணிக்கை ஏற்பாடு சம்பந்தமா அப்போ அமைச்சரா இருந்த எம்.ஆர்.விஜயபாஸ்கர் போட்ட கேஸ்ல, தலைமை நீதிபதி பெஞ்ச், தேர்தல் கமிஷன் மேல கொலைக்குற்றம் சுமத்தலாம் போலன்னு வாய்மொழியா கடுமையா சொன்னதா எல்லா பேப்பர்லயும் டிவியிலயும் வந்துச்சு. எழுத்துல வந்த ஆர்டர்ல அந்த வார்த்தை இல்ல. கமிஷன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், ஜட்ஜ் வாயால சொல்றத மீடியா ரிப்போர்ட் பண்ணக்கூடாதுன்னு சொல்லுங்கன்னு கேட்டாங்க. 2021 மே 6-ஆம் தேதி தீர்ப்பு. அந்த வார்த்தை கடுமையானது, ஜட்ஜுங்க நிதானமா பேசணும்னு சொன்னாங்க, ஆனா கோர்ட்ல நடக்குற பேச்ச ரிப்போர்ட் பண்ணக்கூடாதுன்னு தடை போட மாட்டோம், ஏன்னா கோர்ட் திறந்த கோர்ட், அங்க ஜட்ஜுக்கும் வக்கீலுக்கும் நடக்குற உரையாடலும் மக்களுக்குத் தெரியவேண்டியதுதான்னு சொல்லிட்டாங்க. அதே சமயம் வாய்மொழிப் பேச்சு தீர்ப்போட பாகம் கிடையாது, தீர்ப்புல இல்லாதத நீக்கவும் ஒன்னும் இல்லன்னும் சொன்னாங்க. உங்க அப்பாவுக்கு வேண்டிய ரெண்டு விஷயமும் இதுல இருக்கு பாருங்க, உள்ள உட்கார்ந்து கேட்க அவருக்கு உரிமை இருக்கு, கேட்டதுல ஒரு வரிய பிய்ச்சு எடுத்துக்கிட்டு வந்து ஜெயிச்சுட்டோம்னு ஊர்ல சொல்ல யாருக்கும் அதுல ஆதாரம் இல்ல.

நீங்க பதிலுக்கு குரூப்ல எதுவும் போடாதீங்க. கோர்ட்ல நடந்தத நடந்தபடி சரியா எழுதுனா அது கோர்ட் அவமதிப்பு ஆகாதுன்னு 1971 கோர்ட் அவமதிப்புச் சட்டத்தோட 4-ஆவது பிரிவு பாதுகாப்பு குடுக்குது, ஆனா கோவத்துல எழுதுறப்போ நடந்தபடி யாரும் எழுதுறதில்ல. அன்னைக்கு தேதியில என்ன ஆர்டர் ஆச்சுன்னு வெப்சைட்ல பாருங்க, பெரும்பாலும் "மறுதேதிக்கு ஒத்திவைப்பு"ன்னு ஒரு வரிதான் இருக்கும், அத பிரிண்ட் எடுத்து அப்பாகிட்ட காட்டி படிச்சு சொல்லுங்க, சாப்பிடுவாரு.

விவாகரத்து, குழந்தைகள் மேல நடக்குற பாலியல் குற்றம், பலாத்கார வழக்கு இதுலல்லாம் கதவ மூடி விசாரிக்க சட்டமே இடம் குடுக்குது, அது அந்த மனுஷங்களோட மானத்தக் காப்பாத்த. மத்தபடி மூடுறது ரொம்ப அபூர்வமா இருக்கணும்னு 1966-லயே சுப்ரீம் கோர்ட் ஒன்பது ஜட்ஜ் பெஞ்ச்ல சொல்லியிருக்காங்க. பம்பாயில ஒரு அவதூறு கேஸ்ல, பேப்பர்ல செய்தி வந்தா என் வியாபாரம் கெடுதுன்னு ஒரு சாட்சி சொல்ல, ஜட்ஜ் அவர் சாட்சியத்த பேப்பர்ல போடக்கூடாதுன்னு வாய்மொழியா சொல்லிட்டாரு, ரிப்போர்ட்டர் நரேஷ் மிராஜ்கர் அத எதிர்த்து சுப்ரீம் கோர்ட் போனாரு. ஜட்ஜோட உத்தரவ கோர்ட் ரத்து பண்ணல, ஆனா மக்கள் பார்வையில விசாரணை நடக்குறதுதான் பொது விதின்னு அழுத்தமா எழுதுனாங்க. பெரும்பான்மையோட ஒத்துப்போகாம தனியா எழுதுன ஜட்ஜ் ஹிதாயதுல்லா பக்கம்தான் என் மனசு இன்னைக்கும் நிக்குது.

கடைசியா மொழி. கதவு திறந்திருக்கு, ஆனா உள்ள பேசுறது புரியலன்னா உங்க அப்பாவுக்கு அது பாதி மூடின கதவுதான், இதுல எனக்கு வருத்தம் உண்டு. முன்சீப் கோர்ட்லயும் சப் கோர்ட்லயும் தமிழ் இருந்துச்சு, சாட்சி சொன்னது தமிழ்ல இருந்துச்சு. ஐகோர்ட்ல அரசியல் சாசனம் 348-ஆவது பிரிவுப்படி இங்கிலீஷ். கவர்னர், ஜனாதிபதியோட சம்மதத்தோட வேற மொழிக்கு அனுமதி குடுக்கலாம், ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் நாலு இடத்துல இந்திக்கு அப்படிக் கிடைச்சிருக்கு. நம்ம சட்டசபை 2006 டிசம்பர்லயே தமிழுக்காக தீர்மானம் போட்டும் இன்னும் கிடைக்கல. கிடைக்கணும்னு நான் நினைக்கிறேன், வெளிப்படையாவே சொல்றேன். தன் நிலத்தப் பத்தி தனக்கு முன்னாடியே ரெண்டு பேர் பேசுறது ஒரு விவசாயிக்குப் புரியாம இருக்குறத எந்த வாதத்தாலயும் என்னால நியாயப்படுத்த முடியல.

அதுவரைக்கும் நாம செய்யக்கூடியது ஒன்னு இருக்கு. செகண்ட் அப்பீல்ல சாட்சிய திரும்ப விசாரிக்க மாட்டாங்க, கிணறு யார் வெட்டுனது, வரப்பு எங்க இருந்துச்சுங்குறதெல்லாம் அனேகமா கீழ்க்கோர்ட்டோட முடிஞ்சுது. சிவில் நடைமுறைச் சட்டம் 100-ஆவது பிரிவுப்படி முக்கியமான சட்டக் கேள்வி என்னன்னு அட்மிஷன்லயே, அதாவது அப்பீல விசாரணைக்கு ஏத்துக்கும்போதே, எழுதியிருப்பாங்க, ஒன்னு ரெண்டு கேள்விதான் இருக்கும், மொத்த விசாரணையும் அத சுத்திதான். பெரும்பாலும் "இந்த பாகப்பிரிவினைப் பத்திரத்த சப் கோர்ட் தப்பா அர்த்தம் பண்ணிருச்சா"ங்குற மாதிரி இருக்கும். வக்கீல்கிட்ட போய் அந்தக் கேள்விய மட்டும் தமிழ்ல எழுதித் தாங்கன்னு கேளுங்க, அரைப் பக்கம் கூட வராது. அத அப்பாவுக்குப் படிச்சுக் காட்டி, பத்திரத்துல எந்த வரியில சண்டைன்னு அவருக்கு விரல் வச்சு காட்டிருங்க. அப்புறம் ஹால்ல உட்காரும்போது இங்கிலீஷ் புரியலன்னாலும் ஜட்ஜ் எந்தப் பக்கத்த புரட்டுறாரு, எதிர்த்தரப்பு எந்தப் பத்திரத்த தூக்கிக் காட்டுறாருன்னு அவருக்கே தெரியும், அவ்வளவு வருஷம் அந்தப் பத்திரத்தோட வாழ்ந்தவரு அவரு.

வாதம் முடிஞ்சு தீர்ப்ப ஒத்தி வச்சாங்கன்னா, தீர்ப்பும் திறந்த கோர்ட்லதான் சொல்லணும், லிஸ்ட்ல தேதி வரும், அன்னைக்கும் போகலாம். மூணு மாசம் ஆகியும் வரலன்னா சீக்கிரம் சொல்லக் கேட்டு மனு போடலாம், ஆறு மாசம் ஆயிருச்சுன்னா வேற ஜட்ஜ்கிட்ட மாத்தச் சொல்லி தலைமை நீதிபதிகிட்ட கேட்கலாம்னு 2001-ல அனில் ராய் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் வழி சொல்லியிருக்கு. தீர்ப்பு வந்ததும் வெப்சைட் காப்பியோட நிக்காம சர்டிஃபைடு காப்பிக்கு உடனே அப்ளை பண்ணச் சொல்லுங்க.

அப்பாவ கூட்டிட்டுப் போற அன்னைக்கு ஓரமா இருக்குற சேர்ல உட்கார வைங்க, எந்திரிச்சு நிக்க சுலபமா இருக்கும். ஒருவேளை வக்கீல் வர லேட்டாகி கேஸ கூப்பிட்டுட்டா, பயப்படாம எந்திரிச்சு நின்னு "ஐயா, நான்தான் அப்பீல்தாரர், வந்திருக்கேன்"னு தமிழ்லயே சொல்லச் சொல்லுங்க.